பாட்டிலில் எவ்வளவு ஈயம்?

“இதுல இருந்த தண்ணி எங்கே?”

காலி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தபடி ஃபிரிட்ஜ் முன் நின்றார் துல்லியம். தக்காளி வாங்கினால்கூட வீட்டுக்கு வந்து தன் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பவருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் அது. குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குத் தலைவர் வேறு.

“நான்தான் குடிச்சேன், அத்தான்,” என்றான் சோபாவில் படுத்திருந்த மைத்துனன். வேலை தேடி வந்தவன். இன்னும் சோபாவைத் தாண்டித் தேடவில்லை. “லேபிள்ல வெளிநாட்டு எழுத்து. ஏதோ உசத்தியான மினரல் வாட்டர்னு நெனச்சேன். சப்புனு வெறும் தண்ணி.”

“அடப்பாவி! சர்வதேச வேதியியல் சங்கம் அனுப்பின சாம்பிள்டா அது! அதுல ஈயம் இருக்கு!”

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். “ஈயத்தைக் கொண்டாந்து ஃபிரிட்ஜுல வைப்பாங்களா? என் தம்பிக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு!”

ஆய்வக ஃபிரிட்ஜ் பழுது. அங்கே யாரையும் நம்பாமல் பாட்டிலை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார். எல்லா நாட்டு ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரி பாட்டிலை அனுப்பி, அதில் ஈயம் எவ்வளவு என்று கேட்பது சங்கத்தின் வழக்கம். ஊருக்கு ஒரு கணக்குச் சொன்னால் உலகத்தில் எந்தத் தண்ணீரை நம்பிக் குடிப்பது? இந்த முறை விடை சரியாக இருந்தால் இவருக்குச் சங்கத்தின் குழுவில் இடம், வெளிநாட்டுப் பயணம். மனைவி சக்கரம் வைத்த பெட்டியே வாங்கிவிட்டாள். எங்கள் வீட்டுக்கும் உருட்டி வந்து காட்டினாள்.

டாக்டர் மைத்துனனின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “பசியைத் தவிர வேற எதுவும் இல்லீங்க.”

தம்பி பிழைத்ததும் மனைவிக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. “ஃபில்டர் தண்ணியைப் புடிச்சு ஊத்திட்டுப் போங்க. தண்ணிக்கு என்ன வாயா இருக்கு, காட்டிக் கொடுக்க?”

ஊற்றிக்கொண்டு போனார்.

“சார், ஈயமே காட்டலை,” என்றார் ஆய்வக உதவியாளர். “இல்லைன்னே அனுப்பிடலாமா?”

“ஒண்ணுமில்லாத தண்ணியை எவனாவது கடல் தாண்டி அனுப்புவானா? மெஷின்ல கோளாறும்மா!”

வாய்தவறிச் சொன்ன கோளாறுக்கு மெக்கானிக் வந்தேவிட்டார். கழற்றினார், மாட்டினார். இரண்டு திருகாணிகள் மிச்சமாயின. அதன்பின் எந்தத் தண்ணீரை வைத்தாலும் மெஷின் ஒரே எண்ணைத்தான் சொன்னது.

வேறு வழியில்லாமல் பக்கத்து ஊர் ஆய்வகத் தலைவருக்குப் போன் போட்டார். முடிவு வரும்வரை ஒருவரையொருவர் கேட்கக் கூடாது என்பது சங்கத்தின் கண்டிப்பு.

“உனக்கு எவ்வளவுப்பா வந்துச்சு?”

“உனக்கு?”

“நீ முதல்ல சொல்லேன்.”

“ஒரு... பன்னெண்டு இருக்கும்.”

துல்லியம் பன்னிரண்டு புள்ளி ஒன்று என்று எழுதி அனுப்பினார். பெயரைக் காப்பாற்ற வேண்டாமா!

முடிவு சொல்லும் நாளில் அவர் வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டது மனைவிதான். கணினித் திரையில் சங்கத் தலைவி தோன்றினார். துல்லியம் எழுந்து நின்று, எங்களுக்காக வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

“எல்லாருக்கும் வணக்கம்னு சொல்றாங்க... இந்தத் தடவை ஒரு சின்ன சோதனை வெச்சாங்களாம்... யார் அளக்கிறாங்க, யார் கேட்டு எழுதுறாங்கன்னு பார்க்க... பாட்டில்ல ஈயமே போடலையாம்... எல்லாரும் ‘இல்லை’ன்னு சரியா எழுதிட்டாங்களாம்... பக்கத்துப் பக்கத்து ஊர்ல இருக்கிற ரெண்டு ஆய்வகம் மட்டும்...”

மொழிபெயர்ப்பு அத்தோடு நின்றது. திரையில் இரண்டு எண்கள் பெரிதாகத் தெரிந்தன: பன்னிரண்டு; பன்னிரண்டு புள்ளி ஒன்று.

மனைவி பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

சோபாவிலிருந்து கொட்டாவியோடு குரல் வந்தது. “நான்தான் அன்னிக்கே சொன்னேனே அத்தான், வெறும் தண்ணின்னு!”