உன் வாசல் சுவரில் நிற்கும் பசுவைப் பற்றி

கும்மிடிப்பூண்டி,
1-8-2005

கடல் தாண்டி மஸ்கட்டில் பாடுபடும் அன்பு மச்சான் சடையப்பனுக்கு,

உன் அக்காள் புருஷன் குப்புராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான், உன் அக்காள் கல்பனா, பாப்பா தமயந்தி மூவரும் இங்கே சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். நீ என்னை நம்பிக் கட்டும் வீடும் சௌக்கியம். தரை போட்டாயிற்று, ஜன்னலுக்குக் கதவு வந்தாயிற்று, ஆவணி பதினைந்து கிரகப்பிரவேசத்துக்கு ஐயரிடமும் சொல்லியாயிற்று. கேட்டுக்கு இடதுபக்கம் இருக்கும் சுவரைப் பற்றி மட்டும் ஒரு சின்ன விஷயம். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ திட்டுவது அப்போதே காதில் விழும். கடிதம் என்றால் நீ படித்து, திட்டி எழுதி, அது இங்கே வந்து சேர இருபது நாளாவது ஆகும் அல்லவா, அதனால்தான்.

எல்லாம் தமயந்தியால் வந்தது என்று சொல்ல ஆசைதான். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் விக்டோரியா டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மிருகம், பறவை, மரம், செடி வரையச் சொல்லித்தருகிறார் என்று பாப்பாவைச் சேர்த்தேன். மூன்றாவது வாரம் அவள் "போர் அடிக்குதுப்பா" என்று நின்றுவிட்டாள். வாங்கின கலர் டப்பா வீணாகப் போகிறதே என்று அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். வகுப்பில் எனக்கு அடுத்த பெரியவருக்கு ஒன்பது வயது. டீச்சர் முறைப்படி எதை வரைந்தாலும் முதலில் ஒரு முட்டை போட வேண்டும். நாய்க்கும் முட்டை, பூனைக்கும் முட்டை, மாமரத்துக்கும் முட்டை. அப்புறம்தான் கழுத்து, கால், வால், கிளை. என் முயலைப் பார்த்து டீச்சர், "கழுதை நல்லா வந்திருக்குதே சார்" என்று மனதாரப் பாராட்டினார். பாராட்டை ஏன் கெடுப்பானேன் என்று நானும் கீழே கழுதை என்றே எழுதிக்கொண்டேன். நீ சிரிக்காதே. பதினெட்டு வருஷமாக ரோலிங் மில்லில் சிவக்கக் காய்ந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மைனாவுக்குக் கால் மஞ்சள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். தெரிந்த அன்றைக்கு ஷிப்டுக்குச் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் உன் சுவர் கண்ணில் பட்டது. வெள்ளை அடித்துப் பளபளவென்று சும்மா நின்றது. கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும்தானே முதலில் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும், அதையே வாசலில் வரைந்துவிட்டால் மச்சான் வந்து இறங்கும்போது அசந்துபோவான் என்று நினைத்தேன். பால்கார மணியம்மாளின் லட்சுமி எனக்கு மனசில் இருந்தது. அதுதான் இந்த நகரில் நாற்பத்திரண்டு வீட்டுக்குப் படியேறிய மாடு. மற்ற மாடுகள் டைல்ஸைப் பார்த்தாலே மிரண்டு ஓடும்; லட்சுமி கூடத்து நடுவில் போய் நின்று, ஐயர் மந்திரம் முடிக்கும் நேரத்துக்குச் சரியாகச் சாணி போட்டுவிட்டு வரும். அவ்வளவு தொழில் சுத்தம். ஆகவே கறுப்புக் கோட்டில் பெரிய முட்டை ஒன்று, சின்ன முட்டை ஒன்று போட்டு, மிச்சமிருந்த வெள்ளை எனாமலை எடுத்து, ஒரே நாளில் பசுவையும் கன்றையும் நிறுத்திவிட்டேன். பக்கத்து மனை தானியேல் வந்து வெகுநேரம் பார்த்தார். "யாரு சார் வரைஞ்சது?" என்றார். நான்தான் என்றேன். மறுநாள் அவராகவே ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் கொண்டுவந்து, "ஊட்ல சும்மாதான் கெடந்துச்சு, வெச்சிக்கோங்க" என்று கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான், எனாமல் காய்வதற்குள் காற்று திரும்பிவிட்டது. நம் ஊர்க் கம்பெனிப் புகையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கொடியில் போட்ட வேட்டியின் கதி உனக்கே தெரியும். ஈரப் பெயிண்டின்மேல் கரித்தூள் அப்படியே அப்பிக்கொண்டது. எந்தக் கம்பெனிப் புகை என்று யாரைக் குறை சொல்வது? காலை ஷிப்டில் நானே அனுப்பினதாகக்கூட இருக்கலாம். நான்காம் நாள் போய்ப் பார்த்தால், உன் வாசலில் ஒரு எருமையும் ஒரு எருமைக் கன்றும் நின்று என்னை முறைக்கின்றன.

கல்பனா பார்த்தாள். "புதுசா குடிபோற ஊட்டு வாசல்ல எமனோட வண்டிய நிறுத்தி வெச்சிக்கினு கீறியே, நீயெல்லாம் மனுசனா? எந்தம்பி வந்தா நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். "எமன் இல்லியே, வண்டி மட்டும்தானே கீது" என்று சமாதானம் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நாஷ்டா கிடைக்கவில்லை. அடுத்து மணியம்மாள் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், இது உன் லட்சுமிதான் என்று. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"இன்னா சாரு இது?"

"உன் லட்சுமிதாம்மா."

"நாப்பத்திரண்டு ஊட்டுல பூந்து வந்த மகராசிய எருமையாக்கிப்புட்டியே! இந்த ஊட்டு வாசப்படிய எம்மாடு மிதிக்காது. போ, அந்த எருமையவே உள்ள கூப்டுக்கோ."

கிரகப்பிரவேசத்துக்கு மாடு இல்லை என்றால் என்ன கதி? சாணாபுதூர் வரைக்கும் சைக்கிளில் போய் விசாரித்தேன். ஒரு மாடு கிடைத்தது, சும்மா நின்றுகொண்டிருந்த என்னையே முட்ட வந்தது. வேறு வழியில்லாமல் மணியம்மாள் வீட்டுக்கே போய் நின்றேன். "சொவத்துல கீறது எம்மாடுதான்னு நான் ஒத்துக்கினா வரேன்" என்று கடைசியில் இறங்கிவந்தாள். ஆறு நாள் காலையில் கொட்டகையில் உட்கார்ந்து லட்சுமியைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதல் நாள் வரைந்த தாளை லட்சுமி தின்றுவிட்டது. இரண்டாம் நாள் தாளை மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது, வரைந்த லட்சணம் அப்படி. ஆனால் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அதன் இடது காது நுனியில் ஒரு சின்னக் கிழிசல், கண்ணுக்கு மை தீட்டினதுபோல ஒரு கோடு, நம்மை விட நீளமான இமைமயிர். டீச்சர் முட்டை போடச் சொன்னாரே தவிர இதையெல்லாம் சொல்லவில்லை. சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தானியேலின் மஞ்சளில் ஒரு சொட்டு வெள்ளையில் கலந்து, காதுக் கிழிசல் முதற்கொண்டு போட்டேன். மணியம்மாள் வந்தாள். நேரே போய் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள். "கன்னுக்குட்டியா இருக்கச்சொல்ல முள்கம்பி கிழிச்சது" என்றாள். மாடு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதோடு நின்றிருந்தால் நல்லது. கரி தினமும் விழுகிறதே? சாயங்காலம் ஆனால் ஒரு பக்கெட் தண்ணீரும் துணியுமாய்ப் போய்ச் சுவரிலிருக்கும் மாட்டைக் குளிப்பாட்டுகிறேன். வயிற்றைத் தேய்க்கிறேன், வாலைத் தேய்க்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "பொறந்த பாப்பாவக்கூட நீ ஒருநாள் குளிப்பாட்னதில்லயே" என்று கல்பனா கேட்கிறாள். உன் மரியாதை, அவள் மானம் எல்லாம் இதில் போகிறதாம். ஆகவே முருகன் படத்துக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். நீ வருவதற்குள் அந்தச் சுவருக்கு இரண்டு கை வெள்ளை அடித்துவிடுவேன். இனி பிரஷ்ஷைக் கையால் தொட மாட்டேன். உன் சுவரைக் கேட்காமல் தொட்டது என் தப்பு, பெரியமனசு பண்ணி மன்னித்துவிடு. இதை எழுதும்போது அந்தக் காதுக் கிழிசலை நினைத்தால்தான் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் போகாதே. நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் நல்லபடியாய் வந்து, புது வீட்டில் பால் பொங்கி, பதினாறும் பெற்று வாழக் கந்தன் துணை.

இப்படிக்கு,
உன் மாமா
மு. குப்புராஜ்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு செய்தி. இன்று காலை வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு வாளியோடு போனேன். தானியேல் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார் சார், அது என் சொவரு சார்! ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் கட்னது. தெருப்பக்கம் கீற சொவரு மொத்தமும் உங்களுதுன்னு நெனச்சு உங்க கொத்தனாரு இதுக்கும் சேத்து வெள்ள அடிச்சிட்டாரு. மாட்டுல கைய வெச்சிடாதீங்க. கிறிஸ்மஸுக்கு அங்கதான் குடில் வெக்கப் போறேன், பசுவும் கன்னும் ரெடியா கீது, ரெண்டு ஆடு மட்டும் சேத்துப் போட்டுக் குடுங்க" என்றார். மஞ்சள் டப்பாவின் ரகசியம் இப்போதுதான் புரிந்தது. ஆகவே, மச்சான், உன்னிடம் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், சத்தியமும் செல்லாது. அது வேறு சுவருக்குச் செய்தது. ஆனால் கேட்டுக்கு வலதுபக்கம் இருப்பது நிச்சயமாக உன் சுவர்தான், பத்திரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். தானியேல் பக்கம் பசு நிற்க, உன் பக்கம் மொட்டையாய் இருந்தால் நமக்குத்தான் அவமானம். யானை போடலாம் என்றிருக்கிறேன். கரி விழுந்தாலும் கவலையில்லை, கலர் கம்பெனியே கொடுத்துவிடும். முட்டை போட்டாயிற்று.