வடக்குச் சுவரின் மாட்சிமை

உலகத்தில் சுவர்கள் ஏராளம். நாட்டைக் காத்தவை உண்டு, கோட்டையைக் காத்தவை உண்டு. ஆனால் ஐந்து குடும்பங்களின் மானத்தை ஒண்டியாகத் தாங்கி நிற்பது, அயல்நாட்டுக்குப் படிக்க வந்த ஐவர் குடியிருக்கும் எங்கள் அறையின் வடக்குச் சுவர் ஒன்றுதான். அதன் பெருமையைப் பதிவு செய்யாமல் விட்டால் வரலாறு என்னை மன்னிக்காது.

மற்ற மூன்று சுவர்களும் பூஞ்சை பிடித்தவை. வடக்குச் சுவரில் மட்டும் ஆறடி அகலத்துக்கு வெள்ளை அடித்து, ஒரு புத்தக அலமாரி, ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு மேசை விளக்கு வைத்திருக்கிறோம். ஊருக்கு வீடியோ கால் பேசுகிறவர் அதற்கு முன்னால்தான் உட்கார வேண்டும். பொதுக் கோட்டு ஒன்றும் உண்டு. எங்களில் பருத்தவருக்காக வாங்கியது என்பதால் ஒல்லிகள் முதுகில் துணி கிளிப் போட்டுக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே லுங்கியா போர்வையா என்பது அவரவர் 'தனியுரிமை'.

இதற்கெல்லாம் 'சுவர் நிர்வாகக் குழு' இருக்கிறது. தலைவர், அடியேன். கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். அம்மாவைக் கேட்டால் 'சரக்கு மேலாண்மை' என்பாள். செயலாளர் உணவகத்தில் தட்டு கழுவுகிறார். ஊரில் அது 'ஓட்டல் நிர்வாகம்'. சீனியர் போன வருடமே பட்டம் வாங்கிவிட்டார். நூற்று நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, கடைசியில் படித்த பல்கலைக்கழகத்திலேயே இடம் பிடித்தார். கழிவறை சுத்தம் செய்கிற இடம். மற்ற இருவரும் சாதாரண உறுப்பினர்கள். இடையிடையே படிக்கவும் செய்கிறோம். நான் வகுப்பில் தூங்குவதைப் பாராட்டிப் பல்கலைக்கழகம் இதுவரை இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறது.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துவந்த நிர்வாகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சோதனை வந்தது. தங்கை கூப்பிட்டாள். அவள் ஊரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நிரந்தர வேலையில் இருந்தாள். இங்கே மேல்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. வேலையை விடுவதா, இடத்தை விடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

"அப்பாவும் அம்மாவும் போகச் சொல்றாங்கண்ணா. ஆனா எனக்கு நீ சொன்னாத்தான். வியாழக்கிழமை வீடியோல வர்றேன். யோசிச்சு உள்ளதை உள்ளபடி சொல்லு."

குழு அவசரமாகக் கூடியது.

"உண்மையைச் சொல்லிடலாம்னு பார்க்கிறேன்" என்றேன்.

"எந்த உண்மையை?" என்றார் செயலாளர்.

"இந்த ரூம், இந்தப் பூஞ்சை, இந்த வேலை எல்லாத்தையும்தான்."

"அது நம்ம அஞ்சு பேருக்கும் பொது உண்மை தலைவரே. நீங்க தனியா எடுத்துச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

"அவ என் தங்கச்சிய்யா!"

"தங்கச்சி உங்க அம்மாகிட்ட சொல்லும். உங்கம்மா எங்கம்மாகிட்ட சொல்லுவாங்க. இப்பத்தான் எனக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க. வயித்துல அடிக்காதீங்க."

சீனியர் தொண்டையைச் செருமினார். "நான் வர்றப்ப இதே சுவத்துக்கு முன்னாடி ஒருத்தர் உக்காந்து என்னை வான்னாரு. அப்புறம் நான் உக்காந்து உன்னை வான்னேன். அப்ப ஏதாவது உண்மை சொன்னேனா?"

"சொல்லலையேண்ணே."

"அப்புறம்? மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல."

தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு நான்கு, நடுநிலை ஒன்று. நடுநிலை வகித்தவர் தலைவர்.

வியாழக்கிழமை நான் கோட்டோடு உட்கார்ந்தேன். செயலாளர் விளக்கைப் பிடித்தார். சீனியர் கொடியில் காய்ந்த துணிகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார்.

"என்னண்ணா, இப்படி இளைச்சிட்டே?"

"உடற்பயிற்சிம்மா. தினமும் எட்டு மணி நேரம் எடை தூக்கறேன்."

"ரூம் அழகா இருக்கு. உனக்கு மட்டுமா?"

"ம்."

"படிச்சு முடிச்சா வேலை கிடைச்சிடுமா?"

"திறமை இருந்தா ஏன் கிடைக்காது?"

மூலையில் சீனியர் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சரி. நீ சொன்னாச் சரிதான். நாளைக்கு ராஜினாமா கொடுத்துடட்டுமா?"

பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிடம் அழுகையே வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொடுத்துட்டு வாம்மா" என்றேன்.

குழு சத்தம் வராமல் கைதட்டியது.

மூன்று மாதத்தில் தங்கை வந்து இறங்கினாள். அடுத்த தெருவில் மூன்று பெண்கள் இருக்கும் அறையில் அவளுக்கும் ஒரு மெத்தை பேசி வைத்திருந்தேன். ஆனால் அவள் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். செயலாளர் துண்டோடு குளியலறைக்குள் ஓடினார். தங்கை பூஞ்சையைப் பார்த்தாள், மெத்தைகளைப் பார்த்தாள், கடைசியாக ஆறடி வெள்ளையைப் பார்த்தாள்.

"இதுல நீ எங்கே படுப்பே?"

அடுப்புப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் அம்மாவின் அழைப்பு வந்தது. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே எழுந்து போய் வடக்குச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்றுதான் எழுத நினைக்கிறேன்; பேனா மறுக்கிறது.

"வந்து சேர்ந்துட்டேம்மா. நல்லா இருக்கு."

"மகராசியா இரு. இங்க பாரு, உங்க சித்தி மக பக்கத்துலயே நிக்கறா. அவளும் அடுத்த வருஷம் வரலாமான்னு கேக்கறா. என்னடி சொல்றே?"

தங்கை போனைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"கூடப் பிறந்தவளையே ஏமாத்தினவனுக்கு அவ எம்மாத்திரம்? இந்தா, வரச் சொல்லு."