தாலுகா கல்லைக் குளிப்பாட்டிய கதை

பழைய பொருள் எதைப் பார்த்தாலும் துடைத்துப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அங்கே அது தகுதி. ஜவளகிரிப் பக்கம் மாமனார் நிலத்தில் அதுவே வினையாகிவிட்டது.

அந்த ஊரைத் தலைமையிடமாக வைத்து எப்போதோ ஒரு தாலுகா இருந்ததாம். ஒன்றரை வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கலைத்து, ஆபீஸைப் பூட்டி, நாற்காலி வரை வண்டியேற்றிவிட்டார்கள். மிஞ்சியது, மாமனார் நிலத்துக்கும் பக்கத்து முனியப்பா நிலத்துக்கும் நடுவே நட்ட எல்லைக்கல் ஒன்றுதான். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. தாலுகாவே போன பிறகும் நிற்கிறதே!

நின்றதை நிற்க விட்டேனா? மாமனார் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கடப்பாரையால் நெம்பி, மோட்டார் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய், பழைய டூத்பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். (ஆபீஸ் குரூப்பில் போட்டோ போட வேண்டாமா?) பொறித்த எண் ஒன்று மெல்லத் தெரிந்தது. சிலிர்த்துப்போய் நிமிர்ந்தேன். ராகிக்கு உழ வந்த டிராக்டர், கல் இல்லாததால் இரண்டு நிலத்தையும் ஒரே வீச்சில் உழுதிருந்தது.

அங்கே வரப்பு கரைந்து வருஷக்கணக்காகிறது. அந்தக் கல்லை நம்பித்தான் இரண்டு வீடும் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தன.

"ஏனு மாடிபிட்ரி சார்!" என்று முனியப்பா தலையில் கை வைத்தார். (என்ன செய்துவிட்டீர்கள் என்கிறார். கன்னடம் தெரியாத எனக்கே புரிந்தது.)

"எங்க நட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதா மாப்ளே?" என்றார் திரும்பி வந்த மாமனார்.

"இங்க... இல்ல, கொஞ்சம் அந்தப் பக்கம்."

இரண்டு பேரும் என்னை நம்பவில்லை. அவரவர் நிலத்திலிருந்து நடந்து வந்து, கல் இருந்த இடம் இதுதான் என்று குதிகாலை ஊன்றி நின்றார்கள். நடுவே ஒரு ஜாண்தான் இடைவெளி! நான் வாயைப் பிளந்தேன். அந்த ஒரு ஜாணுக்குச் சண்டை ஆரம்பமானது.

"ஒரு விரக்கடைகூட உட மாட்டேன் ணா!"

"நான் மட்டும் உட்டுருவனா?"

கோபத்தில் மாமனார் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். கறுப்பாய் என்னவோ தெறித்தது. முனியப்பா மண்டியிட்டுக் கையால் தோண்டினார்.

"கரி ணா! கல்லு நட்டவங்க அடியில கரி போட்டு வச்சிருக்காங்க. எவனாவது கல்லப் புடுங்கினாலும் எடம் தெரியணும்னு."

'எவனாவது' என்றபோது என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்த மரியாதை.

கரி இருந்த இடத்திலேயே கல்லை நட்டார்கள். ஒன்றரை வருஷம்கூட வாழாத தாலுகா, என்னைப் போல் ஒருவன் டூத்பிரஷ்ஷோடு வருவான் என்று அன்றைக்கே தெரிந்து வைத்திருக்கிறது!

இப்போதும் வீட்டில் நான் எதையாவது துடைக்க எடுத்தால், சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "இருங்க, அடியில கரி போட்டுட்டு வரேன்!"