அழுதால் திறக்கும் பூட்டு

இனிமேல் இந்த உலகத்தில் ஒருவரையும் நம்புவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தேன். கோபத்தில் எடுத்த முடிவல்ல. பிழைப்புக்காக எடுத்த முடிவு.

அதுவரை என் பிழைப்பே நம்புவதுதான். ஓட்டல் ரிசப்ஷனில் நின்றவன் நான். தலை கறுப்பாக இருந்தபோது உள்ளே போனேன், வெளுத்தபிறகு வெளியே வந்தேன். அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு வருபவனிடம் 'நீ யார்?' என்று கேட்கக் கூடாது. 'அடடா, ரொம்ப அலைஞ்சிட்டீங்களே' என்று சொல்லி இன்னொரு சாவி கொடுக்க வேண்டும். அதில் நான் மன்னன். பிறகு ஓட்டலை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் கட்டினார். கார்களுக்கு 'வாங்க, வாங்க' சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவன் சும்மா இருந்து பார்த்திருக்க மாட்டான். அப்போதுதான் என் மைத்துனன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். தலைவலி என்றாலும் அதற்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருக்கிறது என்பான்.

"அத்தான், சைபர் செக்யூரிட்டி படிங்க."

"எனக்கு மௌஸைப் பிடிச்சாலே கை நடுங்குதுப்பா."

"அதெல்லாம் பழகிடும். வேற வேற வேலை பார்த்தவங்க நிறையப் பேர் வர்றாங்க. மனுஷங்களைத் தெரிஞ்சவங்கதான் அங்க வேணுமாம். திருடன் இப்பல்லாம் பூட்டை உடைக்கிறதில்ல அத்தான். ஆளை ஏமாத்திச் சாவியை வாங்கிடறான்."

"சாவியைத் தூக்கிக் குடுக்கறதுல இவருக்கு நல்ல அனுபவம்" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

அவள் மழலைப் பள்ளி ஆசிரியை. அவள் குரலை உயர்த்தினால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்துவிடுவேன். அன்று நான் உட்காரவில்லை. எழுந்து நின்று, படிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன்.

கோர்ஸில் சேர்ந்தேன். திரைக்குள்ளிருந்து வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், யாரையும் நம்பாதே, சரிபார்த்தபின் கதவைத் திற. அன்று மாலையே வீட்டில் அமல்படுத்தினேன்.

"யாரு?"

"நான்தான். கதவைத் திறங்க."

"'நான்தான்'னு யார் வேணா சொல்லலாம்."

"கை ரெண்டுலயும் பை இருக்கு. திறங்க."

"நமக்குக் கல்யாணம் நடந்த கிழமை எது?"

"எனக்குச் சனி பிடிச்ச கிழமை. திறக்கறீங்களா, பூட்டுக்காரனைக் கூப்பிடவா?"

விடை சரியாக இருந்ததால் திறந்தேன்.

வீட்டு இணையத்துக்கு ஒரு முழ நீளத்தில் பாஸ்வேர்டு வைத்தேன். அது அவளுக்குத் தெரியாது. மறுநாள் எனக்கும் தெரியவில்லை. மைத்துனன் வந்து இணையப் பெட்டியின் பின்னாலிருந்த பொத்தானை அமுக்கி எங்களை மீட்டான். ஆனாலும் சொல்கிறேன், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பக்கத்து அறைக்கு வேலைக்குப் போவதுபோல் போவேன். மனைவி பள்ளிக்குக் கிளம்பும்போது "நல்லாப் படிங்க" என்பாள். கேலி பாதி, நிஜம் பாதி. அந்தப் பாதி எனக்குப் போதுமாக இருந்தது.

பரீட்சை வந்தது. எழுத்துப் பகுதியில் தேறிவிட்டேன். கடைசியில் ஒரு செய்முறை. ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் நான் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். போன் வரும். பேச வேண்டும்.

வந்தது. ஒரு பெண் குரல். அழுகை. "சார், பிள்ளைக்கு முடியல. ஆஸ்பத்திரில நிக்கிறேன். ஆபீஸ் கணக்குக்குள்ள போக முடியல. பாஸ்வேர்டை மாத்திக் குடுங்க சார்."

இது பொறி என்று எனக்குத் தெரியும். பாடத்திலேயே வந்தது. அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனால் வாய் என்னைக் கேட்டா திறக்கிறது? "கவலைப்படாதீங்கம்மா, இப்பவே பண்ணித் தர்றேன்" என்றது. அதோடாவது நின்றதா? எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டது. வண்டி ஏதாவது அனுப்பட்டுமா என்று கேட்டது. மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது. "நன்றி, தேர்வு முடிந்தது" என்றாள் அந்தப் பெண்.

தோற்றேன்.

மனைவியிடம் "ரிசல்ட்டைத் தள்ளி வெச்சிருக்காங்க" என்றேன். "அப்படியா" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. வகுப்பு முடிந்தும் நான் இஸ்திரிச் சட்டையோடு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காதில் ஹெட்போன். எதிரே அணைந்த திரை. இந்த வயதில் ஒருவன் தோற்றுப்போனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டில் அதற்கென்று ஓர் இடம் இல்லை.

வாத்தியார் தரப்பு இன்னும் மோசம். கோர்ஸ் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தோற்றவனுக்கு இவ்வளவுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு படித்த முன்னாள் வங்கிக் காசாளர் ஒருவர் மட்டும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று மெசேஜ் அனுப்பினார். மனது நெகிழ்ந்து, 'நன்றி. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் போட்டேன். அதன்பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை.

அந்தக் கட்டத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டிக்காரன் என்று என்னை நானே ஒரு முறையாவது நம்ப வேண்டும். யாரையாவது ஏமாற்றிப் பார்க்க வேண்டும். வெளியாளை ஏமாற்றினால் போலீஸ். ஆகவே மனைவி.

ஓட்டலில் கொடுத்த பழைய போன் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்த எண் அவளுக்குத் தெரியாது. ஒரு விடுமுறை நாளில், அவள் சமையலறையில் இருக்கும்போது, உள்ளேயிருந்து கூரியர்காரனாக மாறினேன்.

'வணக்கம். தங்களுக்கு ஒரு பார்சல் வந்துள்ளது. அதைப் பெற்றுக்கொள்ளத் தங்கள் பாஸ்வேர்டை அனுப்புமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் நாள் இனிதாக அமையட்டும்.'

சமையலறையில் டிங் என்றது. கொஞ்ச நேரம் கழித்து என் கையிலும் டிங்.

'பார்சல்ல என்ன இருக்கு?'

மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது! 'பரிசுப்பொருள், அம்மா' என்று அனுப்பினேன்.

'வேண்டாங்க. வீட்ல மனசு சரியில்ல. பரிசு வாங்கற நிலைமைல இல்ல.'

இந்த இடத்தில் ஒரு நல்ல திருடன் பாஸ்வேர்டை மறுபடி கேட்டிருப்பான். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

'என்ன ஆயிற்று அம்மா? நான் ஏதாவது உதவலாமா?'

பதில் வரிசையாக வந்தது.

'எங்க வீட்டுக்காரர் ஒரு அறைக்குள்ளயே உக்காந்திருக்கார்.'

'ஹெட்போன் மாட்டியிருக்கார். அதோட ஒயர் எதுலயும் செருகல. தரையில கிடக்கு.'

'நான் பார்க்கலன்னு நினைச்சிட்டிருக்கார்.'

குனிந்து பார்த்தேன். ஒயர் தரையில் கிடந்தது. கூரியர்காரன் என்பதால் அழ முடியவில்லை. 'அவர் நல்ல மனிதராக இருப்பார் என்று தோன்றுகிறது' என்று மட்டும் அனுப்பினேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள முடியாது.

'நல்லவர்தான். அதான் கஷ்டம்' என்று வந்தது. உடனே இன்னொன்று. 'பாவம், எந்தக் கேள்வில கோட்டை விட்டாராம்?'

'அழுதுகொண்டே ஒரு பெண் போன் செய்வாளே, அந்தச் செய்முறையில்தான் அம்மா' என்று தட்டினேன். அனுப்பினேன். அனுப்பியபிறகு படித்தேன்.

சமையலறையில் டிங் என்றது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. காலடி கேட்டது.

இது அவளுடைய பள்ளிக்கூட வித்தை. சாக்பீஸ் தின்ற பிள்ளையிடம் 'தின்னியா?' என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும். 'வெள்ளை ருசியா, சிவப்பு ருசியா?' என்பாள். பிள்ளை நிறத்தைச் சொல்லிவிட்டு முழிக்கும். நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. "கூரியர்காரரே, உள்ள வரலாமா?"

"எப்பத் தெரிஞ்சுது?" என்றேன்.

"முதல் மெசேஜ்லயே. எந்தத் திருடன் 'பணிவன்புடன்'னு எழுதறான்? அதுவும் தப்பில்லாம!"

"தோத்தது?"

"அது முன்னாடியே தெரியும்." நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. இன்னைக்குக் கூரியர்காரன் வந்தான். அவன்கிட்டயாவது பேசுவோமேன்னு பேசினேன். நம்ம வீட்ல மனுஷங்க பேசிக்கிட்டு எவ்வளவு நாளாச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. "எனக்கு இனிமே எந்த வேலையும் வராதும்மா. யார் அழுதாலும் கதவைத் திறந்து விட்டுடுவேன். என் கை அப்படியே பழகிடுச்சு" என்றேன்.

"என் பள்ளிக்கூடத்துல தினம் ஒரு பிள்ளை கேட்டைப் பிடிச்சிக்கிட்டு அழுவுது. மடியில தூக்கி வெச்சுக்குவேன். கண்ணைத் துடைச்சு விடுவேன். ஆனா பெல் அடிக்காம கேட்டைத் திறக்க மாட்டேன். அன்பா இருக்கறது வேற, சாவியைக் குடுக்கறது வேற. மறுபரீட்சை எழுதுங்க."

அவள் சொன்னால் அது எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது! மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. "முன்னாடியே தெரியும்னியே, எப்படி? அவங்க வெளியாள் யாருக்கும் ரிசல்ட் சொல்ல மாட்டாங்களே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளைகள்தான் அப்படிப் பார்க்கும்.

"உங்க வாத்தியாருக்குப் போன் பண்ணினேன். சொல்ல மாட்டேன்னார். மனைவின்னேன். முடியாதுன்னார். அழுதேன். அப்பவும் மாட்டேன்னார்."

"அப்புறம்?"

"நீங்க போயிட்டீங்கன்னு சொன்னேன்."

"எங்க போயிட்டேன்?"

"ஒரேயடியா."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"'கடைசி ஆசையா இந்தப் பரீட்சையைத்தான் சொல்லிட்டே இருந்தார், தேறினாரான்னு மட்டும் சொல்லுங்க'ன்னேன். உடனே எல்லாம் சொல்லிட்டார். மார்க்கு, நம்பர், அட்ரஸ், உங்க பாஸ்வேர்டு வரைக்கும். பாவம், அவரும் அழுதுட்டார்."

யாரையும் நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்! குழுவிலிருந்து நீக்கியது ஏன் என்று புரிந்தது. காசாளர் அனுப்பிய அனுதாபம் எதற்கு என்று புரிந்தது. 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று செத்தவனிடமிருந்து பதில் வந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பார்?

"உனக்கு நாக்கு எப்படி வந்துது?" என்று கத்தினேன். "நல்லா நடிச்சிருக்க!"

"முதல்ல நடிக்கத்தான் நினைச்சேன்" என்றாள். குரல் மாறிவிட்டது. "'போயிட்டார்'னு வாயால சொன்னதும் நிஜமாவே அழுகை வந்துடுச்சு. நிறுத்த முடியல. இந்த ரூம் கதவைச் சாத்திட்டு நீங்க உள்ள சத்தமில்லாம இருக்கறப்பல்லாம், வெளிய நின்னு மூச்சு விடற சத்தம் கேக்குதான்னு கேட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது. கழுவிய கையா, கண்ணைத் துடைத்த கையா என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனவள், தட்டில் சாப்பாட்டோடு வந்தாள். "சாப்பிடுங்க" என்றாள். எனக்கு இறங்காது என்று தோன்றியது. "இரு, முதல்ல வாத்தியார்கிட்ட பேசிட்டு வர்றேன். மறுபரீட்சைக்குப் பேர் குடுக்கணும்" என்று தட்டை ஓரமாக வைத்துவிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டேன்.

"சார், நான்தான் பேசறேன். மறுபரீட்சை எழுதணும்."

"யாருய்யா நீ?" என்றார்.

"நான்தான் சார். ஓட்டல்காரன். உயிரோடதான் இருக்கேன்."

"செத்தவர் போனைத் திருடி, செத்தவர் பேர்ல பரீட்சை எழுதப் பாக்கறியா? வெக்கமா இல்ல? அந்தம்மா எப்படி அழுதாங்க தெரியுமா?"

"சார், அந்தக் கடைசிச் செய்முறைல 'வண்டி அனுப்பட்டுமா'ன்னு கேட்டது நான்தான் சார்."

"அதெல்லாம் யார் வேணா தெரிஞ்சு வெச்சுக்கலாம்."

பிறந்த தேதி சொன்னேன். பதிவு எண் சொன்னேன். வாழ்க்கையில் நான் சேர்த்துவைத்த எல்லா அடையாளங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மனிதர் அசையவில்லை. என் சாவுக்கு ஓர் அழுகையே போதுமாக இருந்தது. நான் இருப்பதற்கு எந்தச் சாட்சியும் போதவில்லை.

"அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றார் கடைசியில். "அவங்க சொல்லட்டும். நீங்க உயிரோட இருக்கறதா அவங்க சொன்னா நான் நம்பறேன்."

போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லும்மா. லைன்ல இருக்கார்."

"இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

நான் கடைசிக் கவளத்தை விழுங்கியதை நின்று பார்த்துவிட்டுத்தான், நான் உயிரோடு இருப்பதாக அவள் அவரிடம் சொன்னாள்.