விலையைக் கூட்டச் சொல்லி மாப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மாத்திரைகளின் தயவில் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் மாத்திரை இல்லாமலேயே சௌக்கியமாக இருக்க வேண்டும். ஃபோனில் சொல்ல வேண்டியதை ஏன் இந்த மனுஷன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் வாயைத் திறந்ததுமே நீங்கள் "சரிங்க மாமா" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதற்கு மேல் எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே புகுந்து "சரிங்க மாமா" சொல்ல முடியாது அல்லவா, அதனால்தான்.

விஷயம் இதுதான். நம் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுவதற்கு நீங்கள் அனுப்பிய கொட்டேஷன் வந்து சேர்ந்தது. படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். மாப்பிள்ளை என்கிற மரியாதைக்கு ஒரு குறையும் வராமல் சொல்கிறேன், இந்த விலையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அநியாயத்துக்குக் குறைவாக இருக்கிறது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த காலம் முழுக்கத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, போல்ட் நட்டிலிருந்து பாய்லர் வரைக்கும் விலை பேசி வாங்கியவன். தேய்த்துத் தேய்த்தே விலையைக் குறைப்பேன் என்று ஆபீஸில் எனக்கு 'அரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். என் அறையிலிருந்து வெளியே போகிற வியாபாரிகள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்களாம், காவலாளி சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு முதல் தடவையாக ஒருவரிடம் விலையைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சுகிறேன். குறைக்கச் சொல்ல எனக்கு நூறு வழி தெரியும், கூட்டச் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. உங்கள் கொட்டேஷனைப் பாருங்கள். பேனலுக்குப் போட்டிருக்கும் விலை நீங்கள் மொத்தக் கடையில் வாங்குகிற விலை, நான் அந்தக் கடைக்கே ஃபோன் போட்டு விசாரித்துவிட்டேன். இன்வெர்ட்டரும் அப்படியே. அத்தை துணி காயப்போட இடம் வேண்டும் என்று ஸ்டாண்டைத் தலைக்கு மேலே உயர்த்தியிருக்கிறீர்கள், நல்லது, ஆனால் அதற்கு முட்டி உயர ஸ்டாண்டின் விலையைப் போட்டிருக்கிறீர்கள். கூலி என்ற இடத்தில் ஒரு கோடு. லாபம் என்ற இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் 'தள்ளுபடி' என்று வேறு ஒன்று. லாபமே இல்லாத இடத்தில் எதைப் பிடித்துத் தள்ளினீர்கள் மாப்பிள்ளை?

எனக்காக மட்டும் இப்படிச் செய்திருந்தால், மாமனார் மேல் இருக்கிற மரியாதை என்று பூரித்துப்போய் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் என் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு நீங்கள் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த பிறகு கிடைத்த முதல் வேலை, கூடப் படித்த நண்பர் வீடு. நண்பரிடம் எப்படி லாபம் வைப்பது என்று சாமான் விலை மட்டும் வாங்கினீர்களாம். இரண்டாவது, பழைய வாத்தியார். வாத்தியாரிடம் கைநீட்டலாமா என்று கூலியை விட்டுவிட்டீர்கள். மூன்றாவது யாரோ முன்பின் தெரியாத ஆள் என்று கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த மனுஷனும் "பையனுக்குப் பரீட்சைப் பணம் கட்டணும்" என்று தலையைச் சொறிந்தாராம், நீங்கள் பாதியை விட்டுவிட்டு வந்துவிட்டீர்களாம்! "அப்பா, இவருக்கு முடியாதுங்கற வார்த்தையே வாயில வராதுப்பா. யார் என்ன கேட்டாலும் தலையாட்டிட்டு வந்துடறாரு. இப்படியே போனா அடுத்த வருஷம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் மகள் எப்போது சிரிப்பதற்காகச் சிரிக்கிறாள், எப்போது வேறு எதற்காகவோ சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஒரு யோசனை செய்தேன். வெளி ஆட்களிடம் கொட்டேஷன் வாங்கி, பாருங்கள், ஊரில் இதுதான் விலை என்று உங்கள் முன்னால் வைத்துவிடலாம் என்பது திட்டம். ஆபீஸ் வழக்கப்படி மூன்று பேர், ஒட்டிய கவர், எல்லாக் கவர்களையும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரிப்பது, சாட்சிக்கு அத்தை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அங்கேதான் ஆரம்பித்தது. முதல் ஆள் வரவே இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம் மாடியைப் பார்த்துவிட்டேன், தாராளமாகப் பதினாறு பேனல் போடலாம் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டுக் கவரை அனுப்பிவிட்டார். கூடவே அந்தப் படமும் இருந்தது. அதில் அவர் வட்டம் போட்டிருந்தது பக்கத்து வீட்டு மாடியை. கூப்பிட்டுச் சொன்னேன். "பரவாயில்லை சார், அவங்க மாடிலதான் வெயில் நல்லா விழுது, கேட்டுப் பாருங்களேன்" என்றார். இரண்டாவது ஆள் டை கட்டிக்கொண்டு வந்து ஹாலில் உட்கார்ந்தார். "மாடிக்கு வரலையா தம்பி?" என்றேன். "அதுக்கு வேற டீம் வரும் சார், நான் சேல்ஸ்" என்று மடியில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்து, இருபத்தைந்து வருஷத்துக்கான கணக்கைக் காட்டினார். அதன்படி எனக்குத் தொண்ணூற்றிரண்டு வயதாகும்போது, போட்ட பணம் நாலு மடங்காகிக் கையில் நிற்கும். "அதை வாங்கிக்க இவரு இருப்பாரா?" என்று அத்தை கேட்டாள். "அது எங்க வாரண்டில வராதுங்க மேடம்" என்றார் அந்தப் பிள்ளை, கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

மூன்றாவதாக ஒரு அம்மா ஸ்கூட்டரில் வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மாடிக்கு ஏறினார், அளவு டேப்பை இழுத்தார், படிக்கட்டு அறையின் நிழல் மத்தியானத்துக்கு மேல் எங்கே விழும் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை என்றதும் அது விழுகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலையைச் சொன்னார். கவரில் போட்டுக் கொடுங்கள் என்றேன், எனக்குக் கவரெல்லாம் கிடையாது, வாய்தான் என்றுவிட்டார். என் பழைய புத்தி எங்கே போகும்? "கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா" என்று அரத்தை எடுத்தேன். "சார், ஆளுங்க கூலி இவ்வளவு, என் லாபம் இவ்வளவு. மறைக்கல. இதுக்குக் கீழ போனா, நாளைக்கு ரிப்பேர்னு நீங்க கூப்பிடறப்ப வர்றதுக்கு நான் தொழில்ல இருக்க மாட்டேன்" என்றார். அந்த இடத்திலேயே அவரை உங்களிடம் ஃபோனில் பேசச் சொல்லலாமா என்று இருந்தது எனக்கு. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், மாடி மாறிப்போனவர் விலைகூட உங்கள் விலையைவிட அதிகம். டை கட்டிய பிள்ளை கேட்டதில் பாதிதான் உங்களுடையது. அந்த அம்மாவுடையதுதான் நியாயமான விலை, உங்களுடையது அதில் முக்கால்தான் வருகிறது. அந்தக் கால் பாகம்தான் மாப்பிள்ளை, நீங்களும் என் மகளும் சாப்பிட வேண்டிய சோறு.

இதற்குள் அத்தை, நம் மாடியை மூன்று பேர் அளந்துவிட்டுப் போனதாக மகளிடம் சொல்ல (ஒருவர் வானத்திலிருந்து, ஒருவர் ஹாலிலிருந்து என்பதை விட்டுவிட்டாள்), அது உங்கள் காதுக்கு வந்து, மாமா விலை அதிகம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று நீங்களாகவே முடிவு கட்டி, மறுநாள் காலையில் விலையைக் குறைத்து இரண்டாவது கொட்டேஷன் அனுப்பினீர்கள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. உடனே ஃபோன் செய்தேன்.

"மாப்பிள்ளை, விலை சரியில்லையே."

"தெரியும் மாமா, மன்னிச்சுக்குங்க. இன்னும் குறைச்சிடறேன்."

"குறைக்காதீங்க, கூட்டுங்க!"

"ஐயோ, நீங்க இவ்வளவு கோவிச்சுக்கிட்டு நான் பார்த்ததே இல்லை மாமா."

"கோவம் இல்லை மாப்பிள்ளை, நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிங்க மாமா" என்று வைத்துவிட்டீர்கள். சாயங்காலம் மூன்றாவது கொட்டேஷன் வந்தது. விலை இன்னும் இறங்கியிருந்தது, கூடவே குளிக்க வெந்நீர் போடும் சோலார் ஹீட்டர் ஒன்று இலவசம். இன்னொரு தடவை பேசினால் வீட்டுக்கு வெள்ளையடித்துத் தருவதாகவும் எழுதிவிடுவீர்கள் என்று பயந்து அன்றிலிருந்து நான் ஃபோனைத் தொடவில்லை. உள்ளதும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அத்தையோ, "வாங்கறவரு வாங்க மாட்டேங்கறாரு, இவரு கூடக் கொடுக்கறேன்னு அழறாரு. ரெண்டு பேரையும் ஒரே கட்டுல கட்டி மாடில வெயில்ல போடணும்" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஆகையால் மாப்பிள்ளை, யோசித்து யோசித்து இறுதியாகச் சொல்கிறேன். ஸ்கூட்டர் அம்மா சொன்ன அதே விலைக்கு, கூலியும் லாபமும் தனித்தனியாகக் காட்டி நீங்கள் புதுக் கொட்டேஷன் அனுப்ப வேண்டும். ஒரு காசு குறைந்தாலும் நான் அந்த அம்மாவிடமே வேலையைக் கொடுத்துவிடுவேன். மாமனார் வீட்டு மாடியிலேயே மாப்பிள்ளை வேலை செய்யவில்லையா என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். எனக்குப் பேனல் பெரிதில்லை. உங்களுக்கு ஒரு தடவையாவது வாயைத் திறந்து நியாயமான விலையைக் கேட்க வர வேண்டும். நீங்கள் நல்லவர். உங்களைப் போல ஒருவர் கிடைத்ததற்கு நான் மகளிடம் சொல்லாமலே எத்தனையோ தடவை சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த நல்ல குணத்தை ஊரார் பங்கு போட்டுக்கொண்டு போவதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு என் ஆசிகள். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். நீங்கள் ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். கையில் எடுக்கும் வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும், முடித்த வேலைக்கெல்லாம் பணம் வந்து சேரட்டும், இருவரும் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கூட்டிக் கேட்கச் சொல்லிக் காத்திருக்கும்
உங்கள் அன்பு மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இதை மடித்துக் கவரில் போடும்போதுதான் அத்தை உங்களுக்கு ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், எனக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. நியாயமான விலை கொடுங்கள் என்று அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவளோ காய்கறி வண்டிக்காரரிடம் பேசுகிற குரலில், "மாப்பிள்ளை, அந்த ஸ்கூட்டர் அம்மா பாதி விலைக்குப் போடறேங்கறாங்க. நீங்க அதுக்கும் கீழ வரணும்" என்றாள். பச்சைப் பொய்! நீங்கள் "சரிங்க அத்தை" என்றீர்கள். "ஸ்டாண்டு இன்னும் ஒரு முழம் உயரணும், அதுக்குத் தனியாக் காசு கிடையாது." "சரிங்க அத்தை." "வாராவாரம் நீங்களே வந்து பேனலைத் துடைச்சுத் தரணும்." "வாராவாரமா அத்தை?" என்றீர்கள். "எங்க அக்கா வீட்டுக்கும் இதே விலைக்குப் போடணும், அவங்க வீட்டுல மாடி ரெண்டு" என்று இவள் அடுத்ததைப் போட்டாள். அப்போதுதான் நீங்கள், "அத்தை, இது கட்டாது" என்றீர்கள். என்ன கட்டாது என்று இவள் அதட்ட, "ரெண்டு பேருக்குக் கூலி கொடுக்கணும் அத்தை, இரும்பு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டீர்கள். "அந்த அம்மாவுக்குக் கட்டுதே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று இவள் விடவில்லை. "அப்ப அவங்களையே போடச் சொல்லுங்க அத்தை! என்னால முடியாது!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் நான் ஃபோனை விட்டு ஒரு அடி பின்னால் போய்விட்டேன். சரி, உங்க விலைதான் என்ன என்று அவள் கேட்க, நீங்கள் கூலி, இரும்பு, லாபம் என்று மூச்சு விடாமல் அடுக்கிச் சொன்ன தொகை, நான் இத்தனை பக்கம் எழுதிக் கேட்டதைவிடச் சற்றுக் கூடவே இருந்தது. "ஒரு காசு குறைக்க மாட்டேன்" என்று வேறு சொன்னீர்கள். "அப்ப நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து வேலையை ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். மாப்பிள்ளையிடம் இப்படியா பேசுவது, அவர் மனசு புண்பட்டிருக்காதா என்று நான் சண்டைக்குப் போனேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிழைச்சுக்குவாருங்க" என்றாள்.