வளரிச் சம்பந்தம்

"வளரி வந்தாத்தான் பொண்ணு வருமாம்" என்றார் சீனி முகம்மது, துணி மூட்டையைத் தோட்டத்துக் கூலி லயத்து வாசலில் இறக்கி வைத்துக்கொண்டே.

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் நல்லசாமி மண்டோர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"எது வந்தா?"

"வளரி. வளைஞ்ச தடியாம், வீசி அடிக்கிறதாம். பரிசம் போட வர்றப்ப மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒண்ணு கொண்டாரணுமாம். அவங்களும் பதிலுக்கு ஒண்ணு தருவாங்களாம். உங்க பக்கத்து வழக்கம்னு பொண்ணோட அப்பா முருகையா சொல்லி விட்டாரு. எனக்கென்ன தெரியும், நான் துணி விக்கிறவன்."

"ஆமா ஆமா, வழக்கம்தான்" என்றார் நல்லசாமி. "எங்க வீட்டு வளரி பத்திரமா இருக்குன்னு சொல்லிருங்க பாய்."

சீனி முகம்மது அந்தப் பக்கம் போனதும் நல்லசாமியின் மனைவி கங்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"நம்ம வீட்டுல எங்க இருக்கு?"

நல்லசாமி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். வளரி என்ற ஒன்றை அவர் வாழ்நாளில் பார்த்தது கிடையாது.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. இரண்டு மாதத்துக்கு முன் கெர்லிங் பக்கத்துத் தோட்டத்துக்குப் பெண் பார்க்கப் போனார்கள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் சீனி முகம்மதுதான். "ரெண்டு குடும்பமும் அச்சாப் பொருந்தும், ஏன்னா..." என்று அவர் ஆரம்பித்தபோது, காரணம் கேட்கப் பொறுமையில்லாமல் நல்லசாமி லோரிக்குச் சொல்லப் போய்விட்டார். பெண் பார்த்த நாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போய்விட்டதால் கூட வரவில்லை.

அங்கே பெண்ணின் அப்பா முருகையா உட்கார்ந்திருந்தார். மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் மாதிரி இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்தச் சீமை?"

நல்லசாமியின் அப்பா ராசிபுரத்திலிருந்து மலாய் நாட்டுக்குக் கப்பலேறியவர். அந்த ஊரைப் பற்றி அவர் மகனிடம் சொன்னதெல்லாம் அங்கே மழை பெய்யாது என்பது ஒன்றுதான். அதை அந்த மீசைக்கு முன்னால் சொல்ல நல்லசாமிக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் எப்போதோ பார்த்த நாடகத்தில் வந்த ஊர்ப்பெயர் வாயில் வந்து விழுந்தது.

"சிவகங்கைச் சீமை."

முருகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"நாங்களும் அந்தச் சீமைதான்" என்றார்.

அன்றிலிருந்து நல்லசாமிக்குத் தூக்கம் சரியில்லை. அசல் சிவகங்கைக்காரரிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்ற பயம். உண்மையைச் சொல்லிவிடலாமென்றால் மகன் தர்மன் இருக்கிறான். இதுவரை பார்த்த பெண்களையெல்லாம் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தவன், கெர்லிங் பெண் காப்பி கொண்டுவந்து வைத்த நிமிடத்திலிருந்து வேறு ஆளாகிவிட்டான். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்யக்கூடிய பையன்.

"பொய்க்காரக் குடும்பம்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?" என்றாள் கங்கா. "எப்பிடியாவது அந்தத் தடியைத் தேடுங்க."

தோட்டத்துத் தச்சர் சிவானந்தம் வளரியைப் பார்த்திருக்கிறாராம். இந்தியாவுக்குப் போயிருந்தபோது ஏதோ ஒரு கோயிலில்.

"பிறை நிலா மாதிரி வளைஞ்சிருக்கும். ஒரு முனை கனம், ஒரு முனை ஒல்லி. ஓடுறவன் காலைப் பார்த்து வீசுனா ஆளு மடங்கி விழுந்துருவான். மானுக்கும் அதுதான். பாளையக்காரங்க சண்டை முடிஞ்சதும் கும்பினிக்காரன் வீடு வீடாப் போய் அத்தனையும் பறிச்சிட்டான் லா. இப்ப எங்க போய்த் தேடுவீங்க?"

"செஞ்சு குடுக்க முடியாதா?"

"மேசை கேளுங்க, செய்யறேன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ராஃபேல், துரை பங்களாவின் சமையல்காரர். மனது இளகியவர். அந்த இளகிய மனதுதான் அவரைக் கெடுத்தது.

"வளைஞ்ச தடியா? எங்க துரை சுவத்துல ஒண்ணு மாட்டி வச்சிருக்காரே, மண்டோரே" என்றார்.

துரை ஆஸ்திரேலியாக்காரர். விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போயிருந்தார். வரப்போவது இரண்டு ஞாயிறு கழித்து வரும் திங்கட்கிழமை. அன்று சாயங்காலமே அந்தத் தடி பழைய பேப்பரில் சுற்றி நல்லசாமி வீட்டுக்கு வந்தது. நல்ல பழுப்பு நிறம், வழவழப்பு, அழகான வளைவு. நடுவில் ஒரு கங்காரு செதுக்கியிருந்தது.

"பூமராங்னு பேரு" என்றார் ராஃபேல். "அவங்க நாட்டுப் பழங்குடி ஆளுங்க சாமான். வாத்துக் கூட்டத்துக்கு மேல வீசுனா, பருந்து வருதுன்னு பயந்து வாத்தெல்லாம் தாழப் பறந்து வலையில மாட்டுமாம். எகிப்து ராசா ஒருத்தரைப் புதைச்ச இடத்துலகூட இந்த மாதிரி தடி இருந்துச்சாம். துரை விருந்தாளிங்ககிட்ட சொல்வாரு. அதைவிடப் பெரிய விசயம், வீசுனா வீசுனவன் கைக்கே திரும்பி வந்துரும்."

கங்காவின் முகம் மாறியது.

"திரும்பி வர்ற சாமானா? கல்யாணத்துக்கா? வர்ற பொண்ணு திரும்பிப் போயிட்டா?"

நியாயமான பேச்சு. நல்லசாமி அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சிவானந்தத்திடம் போனார். திரும்பி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். சிவானந்தம் யோசித்தார். ஒரு முனையில் கனம் ஏற்றினால் திரும்பாது, பார்ப்பதற்கும் வளரி போல ஆகிவிடும் என்றார். பழைய பித்தளைச் சொம்பு ஒன்றை வெட்டி, ஒரு முனையில் பட்டை போட்டு இரண்டு ஆணி அடித்தார்.

இதைப் பார்த்த ராஃபேல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"துரைச் சாமான்ல ஆணியா?"

"கல்யாணம் முடிஞ்சதும் பிடுங்கிரலாம் ராஃபேலு."

"என் வேலையை அதுக்கு முந்தியே பிடுங்கிருவாங்க மண்டோரே."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரியில் பரிசம் போடக் கிளம்பினார்கள். வாழைப்பழத் தட்டு, பூத்தட்டு, சேலைத் தட்டு. வெற்றிலைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் மஞ்சள் துணி சுற்றிய வளரி. ஆறு மணிக்கு ஊரடங்கு, அதற்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் மூன்று இடத்தில் லோரியை நிறுத்தி, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று பார்த்தார்கள். மூன்று இடத்திலும் வெற்றிலையை யாரும் தொடவில்லை.

முருகையாவின் தோட்டத்து முள்கம்பி வாசலில் தொட்டார்கள். அங்கிருந்த மலாய்க் கோப்பரல் கடமை தவறாதவர். வெற்றிலையைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்துவிட்டு, மஞ்சள் துணியைப் பிரித்தார். சம்பந்தியை வரவேற்க வந்திருந்த முருகையா வாசலுக்கு உள்பக்கம் கைகூப்பியபடி நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய தோட்டமே நின்றது.

"இது என்ன? ஆயுதமா?" என்று கோப்பரல் மலாயில் கேட்டார்.

நல்லசாமி முருகையாவை ஓரக்கண்ணால் பார்த்தார். காலம் சரியில்லாத காலம். ஆயுதம் என்று சொன்னால் நேரே ஸ்டேஷன், அதற்கப்புறம் எங்கே என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆயுதம் இல்லை என்றால், இது என்ன வளரி என்று முருகையா கேட்பார்.

"கல்யாணச் சாமான்" என்றார்.

"ஆயுதம்தான்" என்றார் முருகையா, உள்ளேயிருந்து பெருமையாக. "எங்க முன்னோருங்க இதை வச்சிக்கிட்டுக் குதிரைப் படையையே விரட்டியிருக்காங்க."

கோப்பரல் தடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மிருகம்?"

"மான்" என்றார் நல்லசாமி.

"முன்னங்கால் ஏன் இவ்வளவு குட்டை?"

"அது உக்காந்திருக்குற மான்."

கோப்பரல் கொஞ்ச நேரம் அந்த மானையே பார்த்தார். பிறகு தடியை நல்லசாமி கையில் கொடுத்தார். "வீசிக் காட்டு. ஆயுதமா, விளையாட்டுச் சாமானான்னு நான் பார்க்கறேன்."

நல்லசாமி குரங்கு விரட்டக் கல்லெறிந்ததோடு சரி. ஆனாலும் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்க்கிறார்கள், மகன் பார்க்கிறான், வாசலையொட்டிய வீட்டு ஜன்னல் வழியாக மருமகளாக வரவேண்டியவளும் பார்க்கிறாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். தடி விர்ரென்று எழும்பியது, வெயிலில் பித்தளை மின்னியது, முள்கம்பி வேலியைத் தாண்டிப் புதர்க்காட்டுக்கு மேலே போனது.

ராஃபேல் சொன்னது ஞாபகம் வந்து நல்லசாமி இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். அது வரவில்லை. சிவானந்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்.

"விளையாட்டுச் சாமான்தான்" என்றார் கோப்பரல். "உள்ளே போங்க. வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது."

முருகையாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நல்லசாமியின் நீட்டிய கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புனீங்க பாருங்க சம்பந்தி, அதுதான் முறை. போன வளரி திரும்பி வரக்கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வளரியை எடுத்துக்கிட்டு நாங்க வர்றோம். அது உங்க கைக்கு வந்துட்டா கல்யாண நாள் குறிச்சிரலாம்."

பரிசம் நன்றாகவே நடந்தது. விருந்தில் நல்லசாமியின் கண் வேலிப் பக்கமே இருந்தது.

அந்த வாரம் ராஃபேல் இளைத்துப்போனார். சுவரில் தடி இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதை மறைக்க மாதா படம் போட்ட கேலண்டரை மாட்டினார். துரை மாதாவைக் கும்பிடாத வேறு சபைக்காரர் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சிவானந்தத்தைக் கெஞ்சி அதேபோல ஒன்று செய்யச் சொன்னார். வந்தது மாட்டு வண்டியின் நுகத்தடி போல இருந்தது, கங்காரு பெருச்சாளி போல இருந்தது.

"திங்கக்கிழமை துரை வந்ததும் உண்மையைச் சொல்லிருவேன் மண்டோரே" என்றார். "பொய் சொல்லிப் பழக்கமில்லை. உங்க பேரும் வரும்."

"என் பேரு வந்தா மண்டோர் வேலை போயிரும். லயத்துக்குள்ள பேச்சு வந்தா கெர்லிங்குக்கும் போயிரும்" என்றார் நல்லசாமி. "தர்மனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

ராஃபேல் அடுப்பில் தேத்தண்ணி வைத்தார். இரண்டு பேரும் பங்களாக் குசினியில், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முருகையா வீட்டார் வந்து இறங்கினார்கள். சீனி முகம்மதுவும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். முருகையாவின் தங்கை வள்ளியம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முருகையா எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது எங்க குடும்பத்துல நாலு தலைமுறையா இருக்குற வளரி" என்று மஞ்சள் துணியைப் பிரித்தார்.

பழுப்பு நிறம். வழவழப்பு. புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பட்டை பளபளத்தது. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. நடுவில் கங்காரு.

பின்னால் நின்ற ராஃபேல் சிலுவை போட்டுக்கொண்டார்.

நல்லசாமி தடியைப் பார்த்தார், பிறகு முருகையாவைப் பார்த்தார். முருகையாவின் மீசை விறைப்பாகத்தான் இருந்தது. கண்கள் மட்டும் அங்கும் இங்கும் ஓடின. நெற்றியில் வியர்வை. சட்டைக் கைக்கு வெளியே, முழங்கையிலிருந்து விரல் வரை முள் கீறிய காயங்கள், இன்னும் ஆறாதவை. அசல் சீமைக்காரர் என்று காட்ட வளரி கேட்டு மாட்டிக்கொண்டு, கோப்பரலிடம் என்ன சொல்லிக் கெஞ்சினாரோ, அந்தப் புதர்க்காட்டில் எவ்வளவு நேரம் தவழ்ந்தாரோ. மகள் கல்யாணத்துக்காக ஒரு மனுசன் இவ்வளவும் செய்திருக்கிறான். நல்லசாமிக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. தன் கூடப் பிறந்தவர்களிடம்கூட அவருக்கு அப்படி வந்ததில்லை.

"இதுல செதுக்கியிருக்கறது என்ன சம்பந்தி?" என்று மெதுவாகக் கேட்டார்.

முருகையா மீசையைத் தடவிக்கொண்டார்.

"மான்" என்றார். "உக்காந்திருக்குற மான்."

"அருமையான மான்" என்றார் நல்லசாமி. தடியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சிவகங்கைச் சீமைக்காரங்க வீட்டுலதான் இப்பிடி ஒண்ணு இருக்கும்."

முருகையா வேகமாகத் தலையாட்டினார். மூச்சை வெளியே விட்டபோது மீசையின் இரண்டு முனைகளும் ஒருசேரத் தொங்கின.

தை மாதத்தில் நாள் குறித்தார்கள். தர்மன் சிரித்தே யாரும் அதிகம் பார்த்ததில்லை, அன்று பார்த்தார்கள். நல்லசாமி தடியை உள்ளே வைக்கப் போவதுபோலப் போய், பின்வாசலில் ராஃபேலிடம் கொடுத்தார். ராஃபேல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஆணி பிடுங்கும் குறடு எங்கே இருக்கும் என்று சிவானந்தத்திடம் கேட்டபடி பங்களாப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சாப்பாட்டு இலைகள் விழுந்தன. சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் அப்பளம் எடுத்து வைத்தார்கள். எதிர் இலையில் சீனி முகம்மது வெகுநேரமாக ஏதோ யோசனையிலேயே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம், கேட்டாத் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கடைசியில். "உங்க ரெண்டு பேரு அப்பாவும் ராசிபுரத்துல ஒரே தெருவுல இருந்து ஒரே கப்பல்ல வந்தவங்கன்னு எங்கத்தா சொல்வாங்க, அதை வச்சித்தானே நான் இந்தச் சம்பந்தத்தையே பேசுனேன், ராசிபுரத்துல இந்த வளரி வழக்கம் எப்பல இருந்து?"