ரோபோவின் ஒட்டைத் தட்டிப் பார்த்த கதை

எதையும் தட்டிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. பலாப்பழம், கதவு, கல்யாணப் பேச்சு எல்லாம் அப்படித்தான். அந்தப் பழக்கத்தால் ஒருநாள் ஒரு தொழிற்சாலையே நின்றது.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எனக்கு வெல்டிங் கடை. குச்சி வெல்டிங் மட்டும்தான் தெரியும். குச்சி எரிந்தால் ஒட்டின் மேல் கசடு கறுப்பாக மூடிக்கொள்ளும். சுத்தியலால் தட்டி உதிர்த்தால்தான் உள்ளே ஒட்டா, ஓட்டையா என்று தெரியும். சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து எடுத்த வாசல் கேற்றுகளை ஊரார் கொண்டுவந்தார்கள். தட்டிப் பார்த்து ஒட்டிக் கொடுத்தேன். (சில கேற்றுக்கு வீடே இல்லை.)

எங்கள் வீடும் போனது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் நிக்காஹ் இல்லை. தங்கச்சிக்குப் பேசி முடித்திருந்தோம். சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. யுத்தம் முடிந்த கையோடு கத்தாருக்குப் போனேன்.

அங்கே தொழிற்சாலையில் ஒட்டுவது ரோபோ. ஒற்றைக் கை, நீளம். நான் இரும்பைப் பூட்டி, பொத்தானை அமத்தி, அதைச் சுற்றியிருந்த வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். எங்களை மேய்க்கும் போர்மன் ஒரு காரைதீவுத் தம்பி. (அடுத்த ஊர்தான். எங்களுடையது முஸ்லிம் ஊர், அவனுடையது தமிழ் ஊர். சண்டைக் காலத்தில் அவன் தெருவுக்கு நான் போனதில்லை, என் தெருவுக்கு அவன் வந்ததில்லை.) இது மிக் வெல்டிங் என்று விளங்கப்படுத்தினான். கம்பி தானாக வரும், நிற்காமல் ஓடும், அதனால் ரோபோவுக்குத் தோது. குச்சி என்றால் கொஞ்சத்தில் தீர்ந்துவிடும், ரோபோ குச்சி மாற்றிக்கொண்டே நிற்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கு டிக் வெல்டிங். மெதுவாகத்தான் போகும், அழகாக வரும். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். கசடைப் பற்றி அவன் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

வேலை தொடங்கியது. நடுவில் ரோபோ கையைத் திருப்பி ஒரு பிரஷ்ஷுக்குள், கம்பி வரும் மூக்கை விட்டது. (மூக்குத் துடைக்கிறதாம். பிறகுதான் தெரியும்.) வேலை முடிந்ததென்று நினைத்தேன். கடையிலிருந்து கொண்டுவந்த சுத்தியலோடு வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். தட்டினேன். ஒன்றும் உதிரவில்லை. பலமாக அடித்தேன்.

நிமிர்ந்தால் சைரன் அலறிக்கொண்டிருந்தது. வேலிக் கதவைத் திறந்த நொடியிலேயே தொடங்கியதாம். வரிசையில் இருந்த ரோபோ எல்லாம் கை தூக்கியபடி நின்றன, சோதனைச் சாவடியில் நாங்கள் நின்ற மாதிரி.

தம்பி ஓடி வந்தான். (எங்கள் பக்கம் அண்ணனுக்குக் காக்கா என்பார்கள்.)

"காக்கா, என்னத்தத் தட்டுறீங்க?"

"கசடு."

"ஏதும் உதிருதா?"

"இல்ல."

"உதிராது காக்கா. குச்சியில ஒட்டக் காக்கிறது கசடு, இதுல கேஸ். அது காத்தோட போயிரும்."

கம்பனிப் பெரியவர் வந்தார். என்னை விமானம் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குக் கூரையில்லாத சுவர்தான் தெரிந்தது. தம்பி அவரோடு நெடுநேரம் கதைத்தான். திரும்பி வந்து சொன்னான்:

"நாளைக்கு வெளி யார்ட்டுக்கு வாங்க. அங்க காத்து, கேஸ் நிக்காது. குச்சிதான் சரி. ஆசை தீரத் தட்டுங்க."

அந்தச் சம்பளத்தில் கூரை போட்டோம். நிக்காஹ் நடந்தது.

இப்போதும் தங்கச்சி வீட்டுக் கேற்றைத் தட்டினால், "மிசினெல்லாத்தையும் நிப்பாட்டு புள்ள, காக்கா வந்திட்டார்" என்று மச்சான் உள்ளேயிருந்து சொல்வார். பெருநாளைக்குக் காரைதீவுத் தம்பியும் வருவான். எங்கள் தெருவில் நின்று, நான் ஒட்டிய அந்தக் கேற்றை ஒரு தட்டுத் தட்டுவான்.

"காக்கா, ஏதும் உதிருதா?"

"இல்ல," என்பேன். "வா உள்ளுக்கு."